வீட்டு வைஃபை எட்டும் தூரம்

மஸ்கட்டில் இருக்கிற தம்பியின் போனிலிருந்து வண்ணாரப்பேட்டை வீட்டில் படங்களைச் சேர்த்து வைக்கிற பெட்டிக்குள் படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஜெரினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தப் பெட்டியின் குணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை வாங்கி வந்து, பீரோ மேல் மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒயர் சொருகிக் கொடுத்தவனே தம்பி அமான்தான். கீழே அவளுடைய நைட்டி மொத்தக் கடை, மேலே வீடு. புது டிசைன் வந்தால் மேலே வைத்துப் படம் பிடிப்பாள். கீழே கடைக் கம்ப்யூட்டரில் அது இருக்காது. பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் படியேறி இறங்கி முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். பெட்டி வந்த பிறகு அந்தப் பிழைப்பு ஒழிந்தது. மேலே போட்டது கீழேயும் வந்துவிடும், கீழே மாற்றியது மேலேயும் மாறிவிடும். வீட்டில் இருக்கிற போன்களுக்கும் ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுவிட்டுத்தான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான்.

"போன்ல எடுக்கிற படம்லாம் தானா ஏறிடும்க்கா. ஆனா வூட்டு வைஃபைக்குள்ள வந்தாதான் ஏறும். வெளிய கீறப்போ ஏறாது. நெட்டு காலியாயிடும்ல, அதான் அப்டி வெச்சிருக்கேன்" என்று அன்றைக்குப் பெருமையடித்துக்கொண்டான்.

இப்போது 'அமான் போன்' என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு படமாக வந்து விழுகிறது. வேலூர்க் கடைக்காரருக்கு அனுப்ப மாடிக் கம்ப்யூட்டரில் நைட்டிப் படம் தேட வந்தவள், மவுஸைப் பிடித்த கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். எவனாவது போனைத் திருடிக் கொண்டுவந்திருப்பானோ? அப்படியே இருந்தாலும் மஸ்கட்டுத் திருடனுக்கு இந்தச் சந்தில் என்ன வேலை?

திறந்தாள். அந்த ஃபோல்டரில் இதுவரை கடைசியாக இருந்தது, ஊருக்குப் போகிற அன்று அம்மா அவன் சூட்கேஸில் சட்டை மடித்து வைக்கிற படம். அதற்குக் கீழே புதுசாக ஒரு கண்டெய்னர் யார்டு. லாரிகள். மஞ்சள் கோட்டும் தொப்பியுமாக அமான், அவன் தோளில் கை போட்டுக்கொண்டு அவனுடைய கூட்டாளி எர்ணாவூர் சாலமோன். சாலமோன் எப்போது மஸ்கட் போனான்? போன வெள்ளிக்கிழமைகூட வந்து நைட்டி வாங்கிப் போனானே, அவன் பெண்டாட்டிக்கு!

அடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். கண் ஆஸ்பத்திரி வாசல். கண்ணில் கட்டோடு அம்மா கௌசர் படி இறங்குகிறாள், கையைப் பிடித்திருப்பது ஜெரினா. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஆட்டோவுக்குப் பின்னால் மறைந்து நின்று எடுத்த படம். அம்மாவுக்குப் புரை எடுத்தது இந்த மாதம்தான்.

கடைசியாக ஏறிய படத்தில் அவர்கள் வீட்டு வாசலே இருந்தது. கடை முன்னால் தொங்கிய ஊதாப்பூ நைட்டியும் இருந்தது. அதை இன்று மதியம் அவளே மாட்டினாள்.

அடப்பாவி! மஸ்கட்டாவது மண்ணாங்கட்டியாவது. இந்த நிமிஷம் கீழே நிற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நிச்சயம். கல்மண்டபத்து உமைமா. மாப்பிள்ளை மஸ்கட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்பதற்காகவே வேறு இரண்டு வரன்களைத் தள்ளிவிட்டுச் சம்மதித்த குடும்பம். மாப்பிள்ளை இல்லாமலே நிச்சயத்தை முடிப்பது, நிக்காஹுக்கு லீவில் வருவான் என்பது பேச்சு. அம்மா தெரு முழுக்கச் சொல்லி வாய் வலித்துப்போய்க் கிடக்கிறாள்.

உள்ளறையில் அம்மா ஜன்னலோரமாக அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்குக்குக் காத்திருந்தாள். ஜெரினா செருப்புகூடப் போடாமல் இறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்தாள்.

படிக்கட்டுக்கு அடியில், மீட்டர் பெட்டி பக்கத்தில், மஞ்சள் கோட்டோடு ஓர் ஆள் குந்தியிருந்தான். நிமிர்ந்தான். வெயிலில் கருகி, கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, அமான்.

"அக்கா... நீ எப்டி..."

"நீ மாட்டி வெச்ச பெட்டிதாண்டா காட்டிக் குடுத்துச்சு. வூட்டு வைஃபைக்குள்ள வந்தாதான் ஏறும்னு சொன்னியே, ஏறிச்சுடா!"

அவன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அது அவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

பளாரென்று ஒன்று விட்டாள்.

"அங்க அப்டி ஒரு கம்பெனியே இல்லக்கா" என்றான் தலையைத் தூக்காமல். "ஏர்போர்ட்லயே உக்கார வெச்சிட்டு அடுத்த ஃபிளைட்ல திருப்பி அனுப்சிட்டானுங்கோ. அம்மா தெருவுக்கே பிரியாணி போட்டு அனுப்ச்சுது. எந்த மூஞ்சிய வெச்சுகினு திரும்பி வர்றது? சாலமோன்தான் கூட்டிகினு போயி யார்டுல சேத்து வுட்டான்."

"அந்தப் பொண்ணு இன்னாடா பாவம் பண்ணுச்சு? ஞாயித்துக்கிழமை நிச்சயம்டா!"

"அத சொல்லத்தான் வந்தேன். படியேற காலு வரலக்கா. நீயே எதுனா சொல்லி நிறுத்திடு. லீவு இல்ல, கம்பெனி வேற ஊருக்கு மாத்திட்டான், எதுனா. படத்தயெல்லாம் அழிச்சிடு. நான் இப்டியே போயிடறேன். அம்மாவுக்கு மட்டும் வேணாம்."

அம்மா அழக்கூடாது, கண் கெட்டுவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஜெரினா ஒரு கணம் தடுமாறினாள். மேலே போய் அழித்தால் கீழேயும் அழிந்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. கல்மண்டபத்துக்கு ஒரு பொய் சொன்னால் போதும். சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவன் போன் அடித்தது. அம்மா. தினமும் இந்நேரத்துக்குக் கூப்பிடுகிற வீடியோ கால்.

அமான் துள்ளி எழுந்தான். ஒரே இழுப்பில் மஞ்சள் கோட்டைக் கழற்றி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் திணித்தான். தலையைக் கோதினான். சுண்ணாம்பு அடித்த சுவரில் முதுகை ஒட்டி நின்றான். அறை வாங்கிய முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இதே மாதிரி ஏதோ ஒரு வெள்ளைச் சுவரைத்தான் இத்தனை நாளும் கம்பெனி ரூம் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸலாமலைக்கும்மா. நல்லா கீறேன்மா. ஏசி போட்டுகினு கீறேன், அதான் இருமலு..."

"சாப்டியா நைனா?"

"இப்பதான்மா, கப்ஸா சோறு..."

தெருமுனைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மோதினார் வழக்கம்போல இரண்டு தடவை கனைத்துவிட்டு பாங்கு சொல்ல ஆரம்பித்தார். அமான் போனைக் கையால் பொத்தினான். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. மேலே அம்மாவுக்கு ஜன்னல் வழியாகக் கேட்ட அதே பாங்கு அவள் போனிலும் கேட்டது. அவன் போனிலிருந்து கிளம்பிய எதிரொலி படிக்கட்டு வழியாக மேலேயும் ஏறியது.

அம்மா பாங்கு முடிகிற வரை காத்திருந்தாள்.

"அமானு" என்றாள் பிறகு. "நம்ம மோதினாரு எப்போ மஸ்கட்டு போனாரு?"

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். போன் கையிலிருந்து நழுவியது, ஜெரினா பிடித்துக்கொண்டாள்.

மேலே கதவு திறக்கிற சத்தம். அம்மாவின் குரல் படிக்கட்டு வழியாகவே இறங்கியது. கறாரான, கடையில் வேலையாட்களை விரட்டுகிற அதே குரல்.

"கீழ இன்னாத்துக்கு ஒளிஞ்சுகினு நிக்கிற? திருடனா நீ? மேல வா. கை கால் கழுவி ஒளு செஞ்சு தொழு. அப்றம் கல்மண்டபத்துக்குப் போவணும். அந்தப் பொண்ணுகிட்ட மஸ்கட்டு இல்லன்னு நீதான் சொல்லணும், நாங்க யாரும் சொல்ல மாட்டோம். அவ வேணாம்னா வேணாம்தான். வா மேல!"

அமான் எழுந்தான். சுவரைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறினான்.

ஜெரினாவின் கையில் போன் இன்னும் அணையவில்லை. அம்மாவும் தன் போனை அணைக்க மறந்திருந்தாள். முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டு நிற்கிறாள் போலிருக்கிறது. திரையில் அம்மாவின் முகம் தெரிந்தது. வாய் அதட்டிக்கொண்டே இருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் இறங்கித் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.