வாயில்லாத முகம்

முந்தின நாள் சாப்பிடும்போது மகள் சொன்னது ஒன்றுதான்: “நாளைக்கு ஸ்கூல்ல நான் செஞ்ச முகமூடியை நீங்களே கண்டுபிடிச்சுட்டா, நான் சித்தி வீட்டோட இருக்கப் போகலப்பா.”

சலூன்காரர் சிரித்துக்கொண்டார். இருபது வருஷமாக முகங்கள்தான் அவர் பிழைப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் தாடையைத் தடவியே ஆள் யாரென்று சொல்லிவிடுவார். பெற்ற பிள்ளையின் முகம் தெரியாதா?

இப்போது வகுப்பறை மேசையில் இருபத்தெட்டு முகமூடிகள். பிள்ளைகளின் முகத்தில் ஈரத்தாளை ஒட்டி அச்செடுத்து, உலர்த்தி, வண்ணம் பூசியவை. ஒன்றிலும் பெயர் இல்லை.

“உங்களுக்கு உங்களை எப்படித் தெரியுதோ அப்படிப் பூசுங்கன்னேன்,” என்றார் டிராயிங் டீச்சர். “பெத்தவங்களுக்குத் தெரியுதான்னு பார்ப்போம்.”

“இந்தா, எங்க வீட்டுக் குரங்கு! மூக்கைப் பாருங்க, அப்படியே அவங்கப்பன்!” ஒரு தாய் எடுத்துக்கொண்டு போனாள். அறையே சிரித்தது.

சலூன்காரர் கண்ணை மூடித் தடவினார். நெற்றி, கன்னம், தாடை. விரலுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்போதுதான் உறைத்தது. மனைவி இறந்த இந்த இரண்டு வருஷத்தில் ஊரார் முகத்தையெல்லாம் தொட்ட கை, மகள் முகத்தை ஒருமுறைகூடத் தொடவில்லை. சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சள் பூசிச் சிரித்த ஒன்றை எடுத்தார். வீட்டில் அவள் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

“அண்ணே, அது எம்பொண்ணோடது,” என்றார் பக்கத்திலிருந்தவர், சங்கடத்தோடு.

ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஒன்று மிஞ்சியது. சாம்பல் நிறம். வாயும் மூக்குத் துளைகளும் இருக்க வேண்டிய இடத்தில் தாள்மேல் தாளாக ஒட்டி மேடாகியிருந்தது. தடவும்போது அதைத்தான் அவர் முதலில் தள்ளி வைத்திருந்தார்.

எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தார். மூச்சு முட்டியது.

“இதுக்குள்ள எப்படிம்மா மூச்சு விட்ட?”

“விடலப்பா.”

அவர் கை அவள் கன்னத்துக்குப் போனது. அவள் விலகவில்லை. வாசலில் சித்தி, மகளின் துணிப்பையோடு நின்றிருந்தாள்.

“இன்னும் ஒரே ஒரு தடவை தடவிப் பார்க்க விடும்மா. கண்ணை மூடிக்கிறேன். இந்தத் தடவை சொல்லிடுவேன்.”

நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு மேசையைத் தடவினார். மேசை காலியாக இருந்தது.