முழுக் கடல்

மாமி செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தார். கீரிப்பாறையைத் தாண்டி, காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் எங்களை இறக்கிவிட்டு ஜீப் போய்விட்டது. அதன் பிறகுதான் வழிகாட்டி ஜெபதாஸ் அவர் கால்களைக் கவனித்தார்.

"அம்மா, செருப்பு எங்க?"

"செருப்புப் போட்டுட்டு எவளாவது மலை ஏறுவாளா?"

"இது குரிசுமலை இல்லம்மா. காடாக்கும். முள்ளு கெடக்கும், அட்டை இருக்கும்."

"குரிசுமலையில மட்டும் மெத்தையா விரிச்சிருக்கு?"

கடற்கரைக்காரர்கள் தவக்காலத்தில் குரிசுமலை ஏறுவார்கள். வெறுங்காலில், சிலுவை சுமந்து. மலையில் வேறு எதற்காகவும் ஏறலாம் என்பது மாமிக்குத் தெரியாது. ஜீப்பில் வரும்போதே ஜெபமாலை சொல்லி முடித்திருந்தார். என் காலணி அவருக்குப் பெரிது. பையில் இருந்த காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டேன். மறுக்கவில்லை.

மாமியின் பெயர் ரீத்தா, என் மனைவியின் அம்மா. என் மனைவி ஜினிஷா போன வருடம் இறந்துவிட்டாள். தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. நான் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். பூதப்பாண்டியில் என் வீட்டார் என்னிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மாமி மட்டும் வந்து ஒன்று கேட்டார்.

"ஒனக்கு மலையேறி பழக்கம் உண்டுல்லா, மக்கா. என்னை ஒரு ஒசரத்துக்குக் கூட்டிட்டுப் போ. கடலை முழுசாப் பாக்கணும்."

மாமா ஆன்ட்ரூஸ் ஒக்கிப் புயலில் போனவர். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. அன்றிலிருந்து மாமி கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். கரையில் நின்றால் கடல் கொஞ்சம்தான் தெரியும். தெரியாத மிச்சத்தில் அவர் இருந்தால்? அந்த ஒரு கேள்விதான் மாமிக்கு. இப்போது மூட்டு தேய்ந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். பிப்ரவரி வந்தால் காட்டுத் தீக்கு அஞ்சிப் பாதையையும் மூடிவிடுவார்கள். இந்த முறை விட்டால் இனி மலை ஏறுவது நடக்காது.

அதே புயல்தான் இந்தக் காட்டையும் சாய்த்தது. பாதை பல வருடங்கள் மரங்களுக்கு அடியில் கிடந்தது. இப்போதுதான் திறந்து, உச்சிப் பாறையில் கூடாரம் போட அனுமதிக்கிறார்கள். விழுந்த மரங்கள் பாசி பிடித்து மண்ணாகிக்கொண்டிருந்தன. புயல் திறந்துவிட்ட வெளிச்சத்தில் வட்டை மரங்கள் கூட்டமாக எழும்பி எங்களைவிட உயரமாக நின்றன. வேரோடு சாய்ந்த ஒரு பலா, படுத்தபடியே காய்த்திருந்தது.

மாமி அதைத் தட்டிப் பார்த்தார். "விழுந்தும் விடல்ல பாரு, கள்ளி."

நெய்யூரில் வேலை பார்க்கும் நர்சுப் பெண்கள் நாலு பேரும் எங்களோடு வந்தார்கள். ஷிஜி என்பவள் அவர்களுக்குத் தலைவி. மாமியின் மகன் டைட்டஸ் தோளில் படகுக் கயிற்றுச் சுருளைப் போட்டிருந்தான். ஷிஜி அதைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணே, மலையை எங்கயாவது கெட்டிப் போடப் போறீங்களா?"

"இவன் கயிறு இல்லாம கக்கூசுக்குக்கூட போவமாட்டான்" என்றார் மாமி.

பாதி வழி தாண்டி, ஒரு சரிவில் நின்றுவிட்டோம். பாதைக்குக் குறுக்கே ஒரு பட்ட மரம் கிடந்தது. புயலில் காய்ந்து, நின்றபடியே இருந்து, போன வார மழையில் விழுந்திருக்கிறது. அதன் தலைப்பக்கம் மேட்டில் தங்கி, அடிப்பக்கம் பள்ளத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் நெஞ்சு உயரம். கீழே ஒடிந்த கிளைகள்.

"மத்தவங்க தொத்தி ஏறிரலாம். அம்மாவுக்கு முடியாது" என்றார் ஜெபதாஸ். "வெட்டணும்னா ரேஞ்சர் ஆபீசுல அனுமதி வாங்கணும்."

"திரும்பிவிடலாம்" என்றேன். எனக்கு அது சுலபமாக வந்தது.

மாமி என்னைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார்.

"வெட்டாண்டாம். கயிறு போட்டு வலிச்சு மாத்தலாம்லா?"

ஜெபதாஸ் தலையைச் சொறிந்தார். "மாத்தக்கூடாதுண்ணு ஒண்ணும் சொல்லல்ல. ஆனா இது ஆனை வலிக்கிற தடியாக்கும்."

"நாங்க கரமடி வலிச்ச கூட்டமாக்கும்."

கரமடி என்பது கடலில் வளைத்துப் போடும் பெரிய வலை. கரையில் வரிசையாக நின்று, கயிறு பிடித்து, பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் கொடுப்பார்கள். கை இழுப்பதல்ல அது, குரல்தான் இழுக்கும்.

டைட்டஸ் மேட்டில் ஏறித் தலைப்பக்கம் கயிற்றைச் சுற்றினான். மரம் சரியும்போது ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. அவிழ்க்கும் நுனியைத் தன் கையில் வைத்துக்கொண்டு மேட்டிலேயே நின்றான். நாங்கள் பாதையில் வரிசையாக நின்றோம்.

"ஆன்டி, நாங்க ஸ்ட்ரெச்சர் தள்ளினவங்க" என்றாள் ஷிஜி. "வலிச்சுப் பழக்கம் இல்ல."

"தள்ளத் தெரிஞ்சவளுக்கு வலிக்கவும் தெரியும். குதிகாலை ஊணுங்கட்டீ!"

மாமி ஒரு பாறையில் ஏறி நின்றார். காலுறை கிழிந்து பெருவிரல் வெளியே தெரிந்தது.

"அந்தோணியாரே!"

"ஏலோ!" என்றான் டைட்டஸ் மட்டும்.

"ஏம்டே, வாயில கொழுக்கட்டையா? எல்லாரும் சொல்லணும்."

"அம்மா, நாங்க சி.எஸ்.ஐ. ஆக்கும்" என்றார் ஜெபதாஸ். "அந்தோணியாரையெல்லாம் கூப்பிடமாட்டோம்."

"அவரை நான் கூப்பிட்டுக்கிடுதேன். நீ கயிறைப் பிடி."

சிரிப்பு அடங்கியபின் இழுத்தோம். அந்தோணியார், சவேரியார், செபஸ்தியார். மரம் முனகியது, நகரவில்லை. மாதாவைக் கூப்பிட்டார். ஒரு சாண் நகர்ந்தது. பெண்கள் கூச்சலிட்டார்கள். உள்ளங்கை எரிந்தது. மாமியிடம் புனிதர்கள் தீர்ந்துபோனார்கள். குரலை நிறுத்தினால் வரிசை தளர்ந்துவிடும். அவர் நிறுத்தவில்லை.

"ஆன்ட்ரூஸே!"

"ஏலோ!"

மேட்டில் மண் உதிர்ந்தது.

"ஜினிஷாளே!"

பதில் சொன்னேன். தொண்டை கிழியக் கத்தினேன் என்று பிறகு டைட்டஸ் சொன்னான். எனக்குத் தெரிந்தது, கயிறு திடீரென்று லேசானது மட்டும்தான். டைட்டஸ் நுனியை இழுத்து முடிச்சை அவிழ்த்தான். நாங்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். மரத்தின் தலை மேட்டிலிருந்து வழுக்கி இறங்கி, முழு மரமும் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது. கீழே எங்கோ மோதி நின்ற சத்தம் வெகுநேரம் எதிரொலித்தது.

பாதை சுத்தமாகத் திறந்து கிடந்தது.

ஷிஜி எழுந்து ஆடினாள். ஜெபதாஸ் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு, அது முள்ளில் மாட்டியதால் எடுக்கப் போனார். மாமி பாறையிலிருந்து இறங்கி எதுவும் நடக்காதவர் போல நடந்தார்.

உச்சிப் பாறைக்கு வெயில் சாயும் முன்பே போய்விட்டோம். அடியில் வயல்கள், குளங்கள், தென்னைகள். அவற்றைத் தாண்டிக் கடல். கிழக்கே ஒரு முனையில் தொடங்கி, குமரியைச் சுற்றி, மேற்கே கேரளத்துக்குள் போய் மறைந்தது.

மாமி உட்காரவில்லை. கையை நெற்றிக்கு வைத்து, கிழக்கிலிருந்து தொடங்கினார். வரி வரியாக வாசிப்பது போலத் தலையை மெல்லத் திருப்பினார். மேற்கு முனையை எட்டியதும் கையை இறக்கினார்.

"முழுசும் பாத்தாச்சு, மக்கா" என்றார். "அவரு இல்ல."

"மாமி" என்றேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. பாறையின் ஓரத்துக்குப் போய், மீன் விற்கிற குரலில் கத்தினார்.

"லேய் கடலே! ஒளிச்சு வைக்க ஒனக்கு எடமில்லலே! எல்லாம் நான் பாத்துட்டேன்! இனி ஒன் கரையில வந்து நிப்பேன்னு நெனைக்காத, கேட்டியா!"

ஷிஜி விசிலடித்தாள். மற்ற பெண்களும் டைட்டஸும் சேர்ந்து கூவினார்கள். ஜெபதாஸ் அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரி 'ஏலோ' என்றார்.

மாமி திரும்பி வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். முகம் சிவந்து, வேர்த்து, நன்றாக இருந்தது.

"சோறு எடுடே. பசிக்கு."

பாறையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பு. நான் இரண்டாவது தடவை தட்டை நீட்டினேன். மாமி நிறைய ஊற்றினார்.