ஹிம்சாயாவின் வெள்ளைச் சீருடை

காட்மாண்டு லாசிம்பாட்டில் இருக்கும் ஹோட்டல் ஹிம்சாயாவுக்கு மூன்று நட்சத்திரம். அதில் ஒன்று, முதலாளி யார் யாரையோ பிடித்து வாங்கியது. அறையிலிருந்தே இமயமலை தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். தெரியும்தான், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏறி நின்றால், அன்று மேகமும் இல்லாவிட்டால். மேகத்துக்காகச் சண்டை போட்ட விருந்தாளிகள் உண்டு. நாய் குரைக்கிறது, விடியுமுன் கோயில் மணி அடிக்கிறது, வெந்நீர் வெதுவெதுப்பாக வருகிறது என்று வந்த அத்தனை புகாரையும் வரவேற்பு மேசையில் நின்று பதினாறு வருடமாகச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டவன் ஹோம்நாத் அதிகாரி.

அந்தச் சிரித்த முகத்தால்தான் அவன் தன் அம்மாவின் கடைசி நேரத்தைத் தவறவிட்டான். போன வருடம் கார்த்திகையில் ஒரு பிற்பகல், ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா போன் செய்தார்.

"ஹோமா, உடனே கிளம்பி வா. வாயில தண்ணி விடுற நேரம் வந்துடுச்சு."

அப்போதுதான் இருபத்திரண்டு ஜெர்மன்காரர்கள் வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி கேசரி மான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அரை மணி நேரம்ப்பா. மாலையைப் போட்டு சாவியைக் கொடுத்துட்டு ஓடிடு. உன்னை மாதிரி யாருக்கு வரும்?"

அரை மணி ஒன்றேகால் மணி ஆனது. அவன் போய்ச் சேர்ந்தபோது அப்பாவே அம்மாவின் வாயில் தண்ணீரை விட்டு, அவள் கண்களையும் மூடிவிட்டிருந்தார். இவன் ஒரே மகன். அப்பா அன்றும் அதைப் பற்றிப் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்தக் காலத்தில் நகரத்து ஆட்கள் பதின்மூன்று நாளோடு துக்கத்துக்கு உடுத்தும் வெள்ளையைக் கழற்றிவிடுகிறார்கள். கொஞ்சம் பயபக்தி உள்ளவன் நாற்பத்தைந்து நாள் தாங்குவான். ஹோம்நாத் முழு வருடமும் துக்கம் காப்பேன் என்றான். மொட்டைத் தலை, வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தோல் கலக்காத வெள்ளைத் துணிச் செருப்பு. அம்மா போனால் மகன் ஒரு வருடம் பாலைத் தொடக்கூடாது. அப்பா போனால் தயிரை. அதனால் அவனுக்கு வருடம் முழுக்கக் கறுப்புத் தேநீர்தான். அவளுக்கென்று செய்ய இது ஒன்றுதான் மிச்சம். இதையும் விட்டால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

கேசரி மானுக்கு இது பிடிக்கவில்லை. "எங்கப்பாவுக்கு நான் பதிமூணு நாள்தான் கட்டினேன். அவர் என்ன நரகத்துக்கா போயிட்டார்?"

"போனாரா இல்லையான்னு லெட்டர் ஒண்ணும் போடலையே முதலாளி," என்றாள் அறைகளைச் சுத்தம் செய்பவர்களுக்கு மேற்பார்வையாளரான பவித்ரா. பவித்ராவின் வாய்க்கு ஹோட்டலே பயப்படும்.

இரண்டாம் மாதம் ஒரு விருந்தாளி இணையத்தில் எழுதினார்: 'வரவேற்பில் நிற்பவருக்கு ஏதோ பெரிய வியாதி போலிருக்கிறது. தலையில் முடி இல்லை. அவர் கொடுத்த சாவியைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினேன்.' அன்றே கேசரி மான் அவனைக் கீழ்த்தளத்துத் துணி அறைக்குள் தள்ளினார். தலையணை உறைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே ஹோம்நாத் மூன்று மாதம் இருந்தான். நிம்மதியாகவே இருந்தான். அங்கே யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியதில்லை.

அந்த நிம்மதிக்கு ஒரு ஹாலந்துக்காரக் கிழவியின் உருவத்தில் சனி வந்தது. சலவைக்குப் போட்ட சால்வையைத் தேடிக்கொண்டு அவளே கீழே இறங்கி வந்துவிட்டாள். ஏன் வெள்ளை உடுத்தியிருக்கிறாய் என்று கேட்டாள். அம்மாவுக்காக என்று சொன்னான். ஏன் சொன்னோம் என்று அப்புறம் நொந்துகொண்டான். அவள் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊருக்குப் போய் எழுதினாள்: 'இந்த ஹோட்டலில் வெள்ளை உடை உடுத்திய ஒருவர் இருக்கிறார். இமயத்தின் அமைதி மலையில் இல்லை, இவர் முகத்தில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், கீழ்த்தளத்தில் இருப்பார்.' அம்மா என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கேசரி மான் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து பழையபடி மேசையில் நிறுத்தினார். பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள், தோளில் கை போட்டார்கள். ஒருத்தி தியானத்தில் இருப்பதுபோல் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் வெள்ளை இன்னும் அவன் உடம்பில்தான் இருந்தது. கழற்று என்று யாரும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளினான்.

வருடம் முடிந்தது. நான்கு நாள் லீவு போட்டு திவசத்தைக் குறைவில்லாமல் செய்தான். ஐயர் வெள்ளைத் துணியை வாங்கி ஒதுக்கி வைத்தார். சிவப்பும் மஞ்சளுமாய் நெய்த டாக்கா தொப்பியை அப்பாவே அவன் தலையில் வைத்தார்.

"போதும்டா. உங்கம்மாவுக்கு ஒரு குறையும் இல்ல," என்றார். ஒரு வருடமாக அவன் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தான்.

மறுநாள் அந்தத் தொப்பியோடு ஹோட்டலுக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். வாயிற்காவலன் வெள்ளையில் நின்றான். பரிமாறுகிறவர்கள் வெள்ளை. சமையல்காரர்கூட வெள்ளைத் தொப்பியும் துணிச் செருப்புமாக இருந்தார். ஒட்டுமொத்த ஹோட்டலுக்கும் ஒரே நாளில் தாய் செத்தது போலிருந்தது.

"வந்துட்டீங்களா அண்ணே? உங்களைப் பார்த்துத் தச்சது," என்றாள் பவித்ரா. அவள் மட்டும் பச்சைச் சேலையில், கழுத்தில் சுமங்கலிகள் போடும் சிவப்புப் பாசிமணியோடு, தன் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "என் புருஷன் மலேசியாவுல உயிரோட லாரி ஓட்டிக்கிட்டிருக்கான், நான் எதுக்கு வெள்ளை கட்டணும்னு கேட்டேன். அப்போ கீழே போய் துணி துவைன்னுட்டார் முதலாளி. துவைக்கிறேன். அழுக்கைத்தானே துவைக்கணும்?"

கேசரி மான் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "உன் அளவுதான். ஓரத்துல தங்கக் கரை வச்சிருக்கேன் பாரு. இது துக்கம் இல்ல, சீருடை."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இந்த மனிதர் எரிந்து அணைந்த சிதையிலும் ஒரு பிடி அள்ளிவிட்டார்.

"முதலாளி, எங்கப்பா உயிரோட இருக்கார். நான் எப்படி இதைப் போடறது?" என்றான் ஹோம்நாத்.

"நல்லா இருக்கட்டும். நூறு வயசு இருக்கட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்? இஷ்டமில்லைன்னா சொல்லு. வெளியில அம்பது பேர் நிக்கறான்."

ஹோம்நாத்துக்கு நாற்பத்திரண்டு வயது. இந்த வேலையை விட்டால் கத்தார்தான். கத்தாருக்குப் போனால் அப்பாவின் வாயில் தண்ணீர் விட யார் இருக்கிறார்கள்? இப்படி அப்பாவை நினைத்தே அவன் அந்த வெள்ளையைப் போட்டான். காலையில் டாக்கா தொப்பியோடு வீட்டிலிருந்து கிளம்பி, ஹோட்டலில் வெள்ளைக்கு மாறி, சாயங்காலம் அதே டாக்கா தொப்பியோடு திரும்பினான்.

அப்படி மூன்று நாள்தான் ஓடியது. நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு, விமான நிலைய பஸ் வாசலில் வந்து நின்ற அதே நேரம், பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். கையில் ஒரு தூக்குப் பாத்திரம். மகன் வருடம் கழித்துப் பாலைத் தொடுகிறான், மதியத்துக்கு இருக்கட்டும் என்று அரிசிப் பாயசத்தைத் தானே கிண்டி, கீர்த்திபூரிலிருந்து இரண்டு மினிபஸ் மாறிக் கொண்டுவந்திருந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் தலையிலிருந்து கால்வரை வெள்ளையில் நின்ற மகனைப் பார்த்தார். பாத்திரத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"யாருடா செத்தது?"

"அப்பா, இது சீருடை. எல்லாரும் போட்டிருக்காங்க பாருங்க..."

"எல்லாருக்கும் அப்பா நானில்லையே." குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "அம்மாவுக்கு ஒரு வருஷம் பாலை விட்ட. எனக்குத் தயிரை எப்போ விடறதா இருக்க? இன்னிக்கே ஆரம்பிச்சுடு. நான் பார்த்துட்டுப் போயிடறேன்."

திரும்பி நடந்தார். ஹோம்நாத் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். பாதி வழியில் கேசரி மான் அவன் கையில் மாலைகளைத் திணித்தார். "பஸ் வந்தாச்சு, எங்க ஓடறே? அஞ்சு நிமிஷம்ப்பா!" முதல் விருந்தாளி ஏற்கெனவே கழுத்தை நீட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றாள். அவன் அவளுக்கு மாலையைப் போட்டான். அடுத்தவனுக்கும் போட்டான். பத்தொன்பது பேர். கைகூப்பி நின்று படத்துக்கு முகம் காட்டினான். வாசலுக்கு வந்து பார்த்தபோது தெருவில் அப்பா இல்லை. அவருக்குப் போன் போட்டான். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை.

மதியம் கேன்டீனில் பவித்ராதான் அவன் தட்டில் சோறும் பருப்பும் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்தாள்.

ஹோம்நாத் அதைத் தள்ளி வைத்தான்.

"ஏண்ணே? நல்ல தயிர், பக்தபூர்லேர்ந்து வந்தது. உங்களுக்குத் தயிர்னா உயிராச்சே."

அவன் வெறும் பருப்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தான். பவித்ரா கிண்ணத்தைப் பார்த்தாள், அவன் உடுப்பைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.