பசை போன காப்பி

காப்பியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது டம்ளரில் வரும், ஆறினால் நன்றாக இருக்காது, அவ்வளவுதான். பட்டுநூலைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். ஆரணியில் என் வீட்டுக்காரர் தணிகாசலம் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். கச்சாப் பட்டு நூல் வரும்போது முரடாக இருக்கும்; புழு விட்ட பசை அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் கரைத்த தண்ணீரில் கொதிக்க வைத்தால் பசை கழன்று பளபளப்பு வரும். பிறகுதான் சாயம். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பசையோடுதான் என் குடித்தனம்.

என் தங்கை தீபாவைக் கட்டிக்கொடுத்தது ஏற்காட்டுக்கு மேலே, காப்பித் தோட்டக்காரர் வீட்டில். தோட்டத்தின் உச்சியில், நாலாயிரத்து எண்ணூறு அடி உயரத்தில், கெய்ஷா என்று ஒரு அரிய வகைக் காப்பிச் செடியை அறுபது நட்டிருந்தாள். எந்நேரமும் பனி மூடுகிற இடம். குளிரில் பழம் மெதுவாகப் பழுக்குமாம், மெதுவாகப் பழுத்தால்தான் கொட்டைக்குள் இனிப்பு இறங்குமாம். ஒரே கிளையில் ஒன்று சிவப்பாக இருக்கும், பக்கத்தில் இருப்பது பச்சையாக இருக்கும். சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். நாலு வருஷம் காத்திருந்து இந்தத் தையில்தான் முதல் அறுவடை. அவள் மாமியார் செல்லியம்மாள் அதற்குள் பொறுமை இழந்துவிட்டார். பெங்களூரிலிருந்து ருசி பார்த்து வாங்குகிறவர் மாசக் கடைசியில் வருகிறார்; அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் செடிகளைப் பிடுங்கிவிட்டு மிளகு போடுவது என்று தீர்மானம்.

பறித்த வாரம் பார்த்து மலையில் மழை பிடித்துக்கொண்டது, காயவைக்க வெயில் இல்லை. பழத்தோலை உரித்த கையோடு இரண்டு சின்ன டிரம்மில் கொட்டைகளை நிரப்பி, வேனில் போட்டுக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் பட்டறைக்கு வந்து இறங்கினாள் தீபா. எட்டிப் பார்த்தேன். கொட்டைகள் வழவழவென்று, சளி பிடித்த மூக்கு மாதிரி இருந்தன. அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் போன் வந்தது. மாமியார் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டதாம்.

"அக்கா, நான் போயே ஆகணும். இன்னா பண்ணணும்னு போன்ல சொல்றேன்" என்று வந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. நான் நூலுக்குச் சாயம் போட வந்த இரண்டு பேரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்தப் பசை போகணும், அதான் முக்கியம். பசை கொஞ்சம் கூட நிக்கக் கூடாது..."

எனக்குச் சுருக்கென்றது. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டாள்! பட்டறைக்காரிக்குப் பசை எடுக்கக் கற்றுக்கொடுக்கிறாளே!

"தெரியும்டி. பசை எடுக்க எங்களுக்கா சொல்லித் தர்றே? நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "காப்பிக்கு சோப்பு போடுவாங்களா திலகா?"

"பசை போகணும்னா, அவளே வாயால சொன்னா."

"நாளைக்கு இன்னொரு தரம் கேட்டுட்டு..."

"ஜல்தியா ஆவட்டுங்க. கெட்டுப் போச்சுன்னா பேஜார்."

அண்டா ஏறியது. ஒரு டிரம் கொட்டை மட்டும்தான் பிடித்தது. அரை மணி நேரத்தில் பசை துளிகூட இல்லை. கொட்டைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. எனக்கு ஒரே பெருமை. ஆனால் வந்த வாசனை காப்பி வாசனையும் இல்லை, பட்டு வாசனையும் இல்லை. பயறு வெந்த மாதிரி, குழந்தை குளித்த மாதிரி என்னவோ ஒன்று. அவர் மோந்து பார்த்துவிட்டு, இன்னொரு டிரம்மைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். ராத்திரி தீபாவின் போன் அணைந்திருந்தது. மறுநாளும் அப்படியே.

புதன்கிழமை சாயங்காலம் இரண்டாவது டிரம் புளித்து நுரைத்துக்கொண்டிருந்தது. கெட்டே போய்விட்டது என்று நான் பயந்து பச்சைத் தண்ணீரை ஊற்றி அலசினேன். அலசினால் பசை தானாகக் கழன்று போகிறது! கையில் அள்ளித் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி கரகரவென்று சத்தம். சோப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. அப்படியானால் நேற்று எதற்கு அண்டா ஏற்றினோம்? அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

இரண்டையும் மொட்டைமாடியில் கீற்று நிழலில் தனித்தனித் துணியில் காயப் போட்டோம். வியாழக்கிழமை மத்தியானம் எங்கிருந்தோ ஒரு தூறல். அவர் கடைத்தெருவில் இருந்தார். நான் ஓடிப் போய் இரண்டு துணியையும் அள்ளி ஒரே கூடையில் கொட்டினேன். கொட்டிய பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. எது வெந்தது, எது வேகாதது?

அந்த நேரம் பார்த்துத் தீபாவின் போன்.

"ரெண்டு நாளா மலையில கரண்டே இல்லக்கா. பசை தானா கழண்டுச்சா? தேச்சா கல்லு மாதிரி சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சுடி" என்றேன். பாதிக்கு அது உண்மை.

"அப்பாடா! ஒரு நாளுக்கு மேல கொஞ்சம் ஊறணும், அவ்ளோதான். ஒரு சொட்டு வெந்நீர் பட்டாலும் போச்சு, கொட்ட செத்துரும். அதான் உன்கிட்ட அத்தினி தரம் சொன்னேன்."

அத்தனை தரமா? எப்போது சொன்னாள்? என் காதில் விழவேயில்லையே. "எல்லாம் நல்லா இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய்யையும் சொல்லிவிட்டு, அவர் கடைத்தெருவிலிருந்து வரும்வரை கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு கொட்டையை விரலில் உருட்டினார். "வெந்து போன பசைக்கும் தானா போன பசைக்கும் விரல்ல வித்தியாசம் தெரியுது" என்றார். பகலில் பட்டறை வேலை போக, இரண்டு வாரம், காய்ந்துகொண்டிருந்த கொட்டையை ஒவ்வொன்றாக உருட்டிப் பிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து உருட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. கடைசியில் மூன்று கிலோ 'இது நிச்சயம் வேகாதது' என்று ஒரு பை. மீதி எல்லாம் சந்தேகம்.

தீபா வந்தாள். மூட்டையை எதிர்பார்த்து வந்தவள் பையைப் பார்த்தாள்.

"நான்தாம்மா ஜல்தியில..." என்று அவர் ஆரம்பித்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அவர் வேணாம்னுதான் சொன்னாரு. அண்டா ஏத்த வெச்சது நான்தாண்டி. ரெண்டையும் ஒண்ணா கொட்டினதும் நான்தான். போன்ல பொய் சொன்னதும் நான்தான்."

தீபா ஒரு கொட்டையை எடுத்து முகர்ந்தாள். மறுபடி கீழே வைத்தாள்.

"அன்னிக்கு நீ போனை வெச்சுட்டது எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். "நீ கேட்டுகினு இருக்கறேன்னு நெனச்சு, அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷம் பேசிகினே இருந்தேன். வெந்நீர் வேணாம், வெந்நீர் வேணாம்னு."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மாசக் கடைசியில் போன் செய்தாள். பெங்களூர்க்காரர் அந்த ஒரே பையிலிருந்து தனித்தனியாக ஐந்து கப் காப்பி போட்டு ருசி பார்த்தாராம். நாலு கப்பில் கண்ணை மூடிக்கொண்டாராம். மல்லிகைப்பூ வாசனை என்றாராம். ஐந்தாவதில் துப்பிவிட்டாராம்; வெந்த கொட்டை ஒன்று அதில் போய்விட்டிருக்கிறது.

"ஏன்னு கேட்டாரு. உள்ளதைச் சொல்லிட்டேன். இந்த வருஷம் வாங்க முடியாது, அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன், ஒரு செடியையும் தொடாதீங்கன்னு அத்தைகிட்டயே சொல்லிட்டுப் போனாரு."

"அத்தை இன்னா சொன்னாங்க?"

"செடி இருக்கட்டும்னுட்டாங்க."

எனக்கு உயிர் வந்தது. சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"ஆனா, கொட்டையை உங்க ஊருக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாதாம்."

"அத்தை சொன்னாங்களா?"

"இல்லக்கா" என்றாள். "அது நான் சொல்றது."