மூன்றாவது மணிக்குக் கை தூக்க வேண்டும்

அந்த வீடு விற்கும் நிறுவனத்தில் அவளைத் தேன்குரல் என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுவது அவள் வேலை. அவள் சேர்ந்தபோது அலுவலகம் என்பது மூன்று மேசையும் ஒழுகும் குழாயும்தான். ஐந்தே வருடத்தில் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம். முதலாளி யாரையும் 'சார்' போட விடமாட்டார். அவர் அண்ணன்; விற்பனைத் தலைவி பெரியக்கா. நாம் கம்பெனி இல்லை, குடும்பம் என்பார் அண்ணன். குடும்பம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும். வீட்டுக்குக் கிளம்ப யாரும் முதலில் எழுந்திருக்கக் கூடாது.

புதுக் கட்டடத்தின் விற்பனை தொடங்கும் நாளில் ஊழியர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நல்ல துணி உடுத்தி, வாங்க வந்தவர்களைப் போலக் கூட்டத்தில் உட்கார வேண்டும். மேடையில் மணி அடிக்கும்போதெல்லாம் ஒருவர் கை தூக்குவார். சுவரிலிருக்கும் வரைபடத்தில் அந்த வீட்டின் மேல் சிவப்பு வில்லை ஒட்டப்படும். உண்மையாகவே வாங்க வந்தவர்கள், எல்லாம் கைநழுவிப் போகிறதே என்று கையெழுத்து மேசைக்கு ஓடுவார்கள். முதல் தடவை அவளுக்கு நெஞ்சு உறுத்தியது. ஊரோடு ஒத்துப் போகப் பழகு என்று பெரியக்கா முதுகில் தட்டினாள். மூன்று தடவைக்குள் பழகியும் விட்டது. வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

நாலாவது தடவை அவளுக்குக் கிடைத்த 'கணவன்' கட்டடப் பிரிவின் இளம் பொறியாளன். "என்னைத் திட்டிக்கிட்டே இருங்க, அப்பதான் நம்புவாங்க" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூன்றாவது மணிக்குக் கை தூக்கி எட்டாவது மாடி மூலை வீட்டைக் கேட்டாள். அரங்கம் கை தட்டியது. திரும்பிப் பார்த்தாள்.

கதவோரம் அவளுடைய சொந்த அக்கா நின்றிருந்தாள், தையற்கடையிலிருந்து நேரே வந்தவள் போல, தோளில் நூல் ஒட்டியிருக்க. பக்கத்தில் பேருந்து ஓட்டும் அக்கா புருஷன். அக்காவின் பார்வை அவளிடமிருந்து பொறியாளனுக்குப் போய், மறுபடி அவளிடம் வந்தது. பிறகு புருஷன் காதில் ஏதோ சொல்லி, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கையெழுத்து மேசைக்கு நடந்தாள்.

அக்கா ஏன் அங்கே போகிறாள் என்பது அவளுக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று. அதற்குள் நாலாவது மணி அடித்துவிட்டது.

எப்படி மேசைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அக்கா பேனாவைக் காகிதத்தில் வைத்திருந்தாள்.

"அக்கா, கையெழுத்துப் போடாத. நான் வாங்கல. இங்க கை தூக்கின யாருமே வாங்கல."

அண்ணன் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்; குடும்பத்துக்குள் சின்ன மனஸ்தாபம் என்று கூட்டத்திடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்து, நீங்களுமா என்று கேட்டார். அந்த இருக்கைக்காரர் கணக்குப் பிரிவு குமாஸ்தா. அவர் தலை குனிந்தார்.

அக்கா பேனாவை மூடினாள். "சும்மா வீடு பாக்கத்தான் வந்தோம். நீயே எடுக்கறேன்னா இடம் நல்லதாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட வந்தேன்டி" என்றாள். பிறகு, "எத்தனை நாளா நடக்குது இது?"

"இது நாலாவது தடவை."

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னாடி மூணு தடவையும் யாரோட அக்கா வந்து கையெழுத்துப் போட்டாங்க?"

அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரின் குரலும் அவளுக்குத் தெரியும். வாழ்த்துச் சொல்லி முதலில் பேசியவளே அவள்தான்.

அன்று மாலைக்குள் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். பொறியாளன் மட்டும், நீங்க செஞ்சது சரி, ஆனா என்கிட்ட பேசாதீங்க என்று செய்தி அனுப்பியிருந்தான்.

மறுநாள் காலை அக்காவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நினைவிலிருந்த முதல் எண்ணை அழைத்தாள். மறுமுனையில், முன்பு கையெழுத்துப் போட்ட ஒரு ஆசிரியை. குரலை அடையாளம் கண்டு, வீடு எப்போது தயாராகும் என்று ஆசையாகக் கேட்டாள். தேன்குரல் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். 

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்றாள் ஆசிரியை.

தருகிறேன் என்றாள் அவள். அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காகிதம் தேட எழுந்தாள்.