அம்மா ஹீட்டர் பேனலை மாற்றிய காலை

காரின் முன்னிருக்கைகளின் குறுக்கே ஒருக்களித்துப் படுத்து, ரேடியோ இருந்த பொந்துக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் அம்மா. வீட்டுக்குள்ளிருந்து வந்த மகள் கார்க் கதவருகே நின்றாள்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இருந்த ஒரே வண்டி அது. குளிர் தொடங்கியதிலிருந்து ஹீட்டர் குமிழ் அசைய மறுத்தது. போன தடவை இரண்டு போர்வைக்குள்ளும் அப்பாவுக்குப் பல் கிடுகிடுத்தது. மறுநாளே அம்மா, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைக்குப் போய் அதே மாதிரி குமிழ்கள் வைத்த ஒரு பேனலைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதலில் ரேடியோவைக் கழற்றவேண்டும் என்று அப்பா படுக்கையிலிருந்தபடியே யோசனை சொன்னார். இவர் பேச்சைக் கேட்டா இத்தனை வருஷம் குடும்பம் நடந்தது என்று அம்மா மகளிடம் சிரித்தாள். ஆனால் இன்று காலை ரேடியோவைத்தான் முதலில் கழற்றினாள்.

"அம்மா," என்றாள் மகள்.

அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள்.

"அந்த டார்ச்சை எடுத்து இங்க காட்டு."

மகள் காட்டினாள். வாங்கிவந்த பேனலின் பின்னால் ஒரு கம்பியைக் கொக்கியில் மாட்டவேண்டியிருந்தது. அம்மா மாட்டினாள்; நழுவியது. மகள் மறுபடி வாயெடுத்தாள்.

"இரு. இது மாட்டட்டும்."

வெளிச்சம் ஆடாமலிருக்க மகள் இன்னொரு கையால் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒருவழியாகக் கொக்கி விழுந்தது. அம்மா வயர்களைச் செருகினாள், திருகுகளை முறுக்கினாள், குமிழ்களை அழுத்திப் பொருத்தினாள். பேட்டரி வயரை மாட்டிவிட்டு வரச் சொன்னாள். மகள் மாட்டியதும் அம்மா வண்டியைக் கிளப்பினாள். குமிழ் லேசாகத் திரும்பியது. வெகுநேரம் வெறும் குளிர்காற்று வந்தது. பிறகு சூடாக வந்தது.

அம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தாள்.

"நீ பக்கத்துல இருந்தியா?"

"கையைப் புடிச்சிட்டுதான் இருந்தேன். அப்பா தூங்குறார்னு நெனச்சேன்."

"ம்."

டார்ச்சை அணைத்துவிட்டு மகள் கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"செருப்பில்லாம வந்து நின்னியே."

அம்மா கீழே இறங்கித் தன் செருப்பைக் கழற்றி மகளின் பக்கம் காலாலேயே தள்ளினாள். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, ஈரத்தரையில் வெறுங்காலோடு வீட்டை நோக்கி நடந்தாள்.