அம்மாவும் வர்றாங்க

வாயாடி என்று பெயர் வைத்தது அவளுடைய அம்மாதான். ஐந்து வயதில் வைத்தது பதினாறிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கவிதைப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது வேறெதுவும் தோன்றாமல் அதையே எழுதிக் கொடுத்துவிட்டாள். மேடையில் போட்டியை நடத்தும் தாடிக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்து “அடுத்து... வாயாடி!” என்று கூப்பிட்டதும் கூட்டம் சிரிக்கும். சிரித்த கூட்டத்தை அழவைப்பது சுலபம் என்று இரண்டாவது போட்டியிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

இந்தப் போட்டியை ஸ்லாம் என்கிறார்கள். கையில் காகிதம் கூடாது. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் மதிப்பெண் குறையும். நடுவர்கள் ஒன்றும் பெரிய பண்டிதர்கள் இல்லை. பார்க்க வந்தவர்களில் ஐந்து பேரை அங்கேயே பிடித்து, ஆளுக்கு ஒரு கட்டு எண் அட்டை கொடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் பக்கவாட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். உட்காருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: போட்டியில் இருக்கும் பிள்ளைகளில் யாராவது தெரிந்தவர்களா?

வாயாடிக்குக் கோப்பை மேல் ஆசை இல்லை என்றால் அது பச்சைப் பொய். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அக்கா வர வேண்டும். வந்து இவள் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும்.

அக்கா போய் மூன்று வருடம் ஆகிறது. கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள், அங்கே லென்ஸ் தேய்க்கிறவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். “அப்படின்னா இந்த வாசப்படிய மிதிக்காதே” என்றாள் அம்மா. தாய்க்கும் மகளுக்கும் பிடிவாதத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அவள் மிதிக்கவில்லை, இவள் கூப்பிடவில்லை. அக்கா பேச்சை எடுத்தாலே அம்மா தையல் மெஷினை வேகமாக ஓட்டுவாள். அந்தச் சத்தத்தில் யார் பேச்சும் எடுபடாது.

வாயாடி ஒருமுறை கடைக்கே போனாள். அக்கா ஒரு கிழவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா அனுப்பினாங்களா?”

“இல்லக்கா.”

“அப்ப வராதே. உன்னையும் நான் பிரிச்சேன்னு பேரு எனக்கு வேணாம்.” சொல்லிவிட்டு, கிழவரின் காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காம்பைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியதை மறைக்கத்தான் குனிந்தாள். அது கிழவருக்கே தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம்தான் சீட்டு. ஒவ்வொரு போட்டிக்கும் தேதி, நேரம், இடம் எழுதி அந்தக் கடையின் கதவிடுக்கில் செருகிவிட்டு வருவாள். ஏழு முறை செருகினாள். ஏழு முறையும் அக்கா வரவில்லை. எட்டாவது, இறுதிப் போட்டி. அந்தச் சீட்டின் அடியில் அவள் கை தானாக இன்னொரு வரி எழுதியது: அம்மாவும் வர்றாங்க.

அம்மாவாவது, வருவதாவது! மகள் சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு டியூஷனுக்குப் போகிறாள் என்று அந்த அம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

நூலகத்து மாடி அரங்கில் அன்று நல்ல கூட்டம். மேடையின் ஓரம் நின்று எட்டிப் பார்த்த வாயாடிக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. மூன்றாவது வரிசையில் அக்கா இருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். தாடிக்காரர் நடுவராக ஆள் தேடியபோது, வகுப்பில் கூடக் கை தூக்காத அந்த அக்கா, முதல் ஆளாகக் கை தூக்கினாள்.

“போட்டியில யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“யாரும் இல்லைங்க” என்றாள் அக்கா.

வாயாடிக்குச் சுருக்கென்றது. வெட்கம் கெட்ட கண்ணில் தண்ணீர் முட்டியது. என்னைத் தெரியாதா உனக்கு? தலை வாரிவிட்ட கைதானே அது?

கடைசியாக அவள் முறை வந்தது. கூட்டம் சிரித்தது. அவள் தொடங்கினாள்:

“எங்கள் வீட்டில் மூன்று தட்டு.
இரண்டு தினமும் நனைகிறது.
ஒன்று மட்டும்
காய்ந்தே இருக்கிறது.”

அக்காவைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தாள். பார்த்தாள். அக்கா இவளைப் பார்க்கவே இல்லை. அவள் கண் வரிசை வரிசையாகக் கூட்டத்தைத் துழாவியது, கடைசி வரிசை வரை போனது, மறுபடி முதலிலிருந்து வந்தது. கதவு திறந்தபோதெல்லாம் திரும்பினாள். உடனே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள், புகைப்படத்துக்கு உட்காருவதைப் போல.

வாயாடிக்கு அப்போதுதான் புரிந்தது. முன்னால் உட்கார்ந்தால் அம்மா பார்க்காமல் இருக்க முடியாது. அதற்காகத்தான் கை தூக்கினாள். அதற்காகத்தான் யாரையும் தெரியாது என்றாள்.

மனப்பாடம் செய்த மீதி வரிகள் போன இடம் தெரியவில்லை. உண்மையைச் சொல்லாமல் விட்டால் அக்கா இன்னும் இரண்டு நிமிடம் கதவைப் பார்ப்பாள். சொன்னால் எழுந்து போய்விடுவாள். இனி ஒருநாளும் நம்ப மாட்டாள். வாயாடிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச வாய் வரவில்லை. வரவழைத்துக்கொண்டாள்.

“கதவைப் பாக்காதக்கா. அம்மா வரல. அவங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. நீ வரணும்னு நான்தான் பொய் எழுதினேன். நீ இல்லாம எனக்கு முடியலக்கா. அவ்வளவுதான்.”

கூரை பிய்ந்துகொண்டு போகும்படி கைத்தட்டல். புண்ணியவான்கள், கவிதையின் முடிவே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பையன் விசிலடித்தான். நான்கு நடுவர்களும் போட்டி போட்டுக்கொண்டு அட்டை தூக்கினார்கள். ஒன்பதுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. ஐந்தாவது நாற்காலியில் அட்டைக் கட்டு மட்டும் கிடந்தது.

வாயாடி மேடையிலிருந்து குதித்து ஓடினாள்.

அக்கா கீழ்ப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். “காலையிலேர்ந்து மூணு டிரெஸ் மாத்தினேன்டி” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. “எது போட்டா அவங்களுக்குப் பிடிக்கும்னு.”

வாயாடி பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் பையில் இருந்த போன் அலறியது. அம்மா. டியூஷன் முடிந்து அரை மணி ஆகியிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள், ஸ்பீக்கரில் போட்டாள்.

“எங்கடி தொலைஞ்ச? மணியைப் பாத்தியா? குடை வேற வீட்லயே கிடக்கு, மழை வந்தா நனைஞ்சுக்கிட்டு வருவியா? இங்க பத்து சட்டைக்குப் பட்டன் தைக்கணும், எனக்கென்ன நாலு கையா இருக்கு?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மூன்று வருடமாகக் கேட்காத குரல்.

வாயாடி போனை அக்காவிடம் நீட்டினாள். அக்கா மாட்டேன் என்று கையசைத்தாள். ஆனால் காதைப் போனுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள். “இன்னும் ஏதாவது பேசேம்மா” என்றாள் வாயாடி.

“என்னத்தடி பேசறது? உனக்குத்தான் வாய் இருக்கே!”

“குக்கர் சரியாயிடுச்சாம்மா? விசில் வருதா?”

“எங்க வருது...” அம்மா குக்கரைத் திட்டினாள். அதை விற்ற கடைக்காரரைத் திட்டினாள். அடுத்த வீட்டுக்காரி வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத கத்தரிக்கோலுக்கு வந்தாள். வாயாடி விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாடியில் தாடிக்காரர் முதல் பரிசுக்காக அவள் பெயரைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். கூட்டம் சிரித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

“இன்னிக்கு என்னடி ஆச்சு உனக்கு? சரி, வைக்கிறேன். நேரா வீட்டுக்கு வா.”

அக்கா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“வைக்காதம்மா” என்றாள் வாயாடி. “இன்னும் கொஞ்சம் திட்டு.”